எதிர்வீட்டு ஜன்னலை மறைக்க நெட்டிலிங்கம்

ஊரில் பாதிப் பேர் 'அசோக மரம்' என்றே சொல்வார்கள். நர்சரியிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உண்மையான அசோகம் வேறு. ஆரஞ்சு நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். நமக்கு வேண்டியது, கிளைகள் தொங்கி ஊசி மாதிரி நேராக வளரும் நெட்டிலிங்கம். வருஷம் முழுக்கப் பச்சை. இடமும் அதிகம் அடைக்காது.

கன்றுக்குக் கன்று நாலைந்து அடி விடுங்கள். காம்பவுண்டு சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி வைத்துவிட்டு நான் பட்ட பாடு போதும். நடும்போது பையைக் கிழித்ததும் அடிப்பக்கம் பாருங்கள். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அதைப் பிரித்துவிட்டோ நறுக்கிவிட்டோதான் குழியில் இறக்க வேண்டும். அப்படியே வைத்த கன்று பெரிதானபின் காற்றுக்குச் சாயும்.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் முக்கியம். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு முறை வேர்வரை இறங்க ஊற்றுவது நல்லது. மண்ணில் நீர் தேங்கக் கூடாது.

கீழ்க்கிளையை 'அழகுக்காக' வெட்டாதீர்கள், மறைப்பே அதுதான். வேண்டிய உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கவாட்டில் அடர்ந்து வரும்.

செம்பு நிறத் தளிரில் ஓட்டை விழுந்திருந்தால் உடனே மருந்தைத் தூக்காதீர்கள். பச்சைப் புள்ளி போட்ட வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். பழம் பழுத்தால் வௌவால் வரும், காலையில் வாசலைக் கூட்ட வேண்டியதுதான்.