381654729: ஒன்பது கட்டங்களை விதிகளால் நிரப்பும் முறை

381654729 என்ற எண்ணில் 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகின்றன. அதன் முதல் இரண்டு இலக்கங்களான 38, 2 ஆல் வகுபடும். 381, 3 ஆல் வகுபடும். 3816, 4 ஆல் வகுபடும். இப்படியே தொடர்ந்து முழு எண்ணும் 9 ஆல் மீதியின்றி வகுபடும். ஒன்பது இலக்கங்களை 362880 விதமாக வரிசைப்படுத்தலாம் என்றாலும், இந்தத் தகுதி இது ஒன்றுக்கே உண்டு. கோலாலம்பூர் செந்தூலில் படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளி முதலாண்டு) மாணவர்களுக்கு டியூஷன் வகுப்பில் வகுபடும் விதிகளைக் கற்பிக்கும்போது நான் இந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். மனப்பாடம் செய்த விதிகள் எதற்குப் பயன்படும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கட்டம் போட்ட நோட்டில் ஒன்பது கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். விடை தெரியாதது போல, விதிகளை மட்டும் கொண்டு இந்த எண்ணைக் கண்டுபிடிப்போம்.

படி 1: ஐந்தாம் கட்டத்தில் 5 ஐ எழுதுங்கள். 5 ஆல் வகுபடும் எண் 0 அல்லது 5 இல் முடிய வேண்டும். நம்மிடம் 0 இல்லை.

படி 2: 2, 4, 6, 8 ஆகியவற்றால் வகுபட வேண்டியிருப்பதால், இரட்டைப்படை இலக்கங்கள் நான்கும் இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் கட்டங்களுக்கே போய்விடும். முதல், மூன்று, ஏழு, ஒன்பதாம் கட்டங்களுக்கு 1, 3, 7, 9 மிஞ்சுகின்றன.

படி 3: 4 ஆல் வகுபட, மூன்றாம் நான்காம் இலக்கங்கள் சேர்ந்த எண் 4 ஆல் வகுபட வேண்டும். மூன்றாவது ஒற்றைப்படை என்பதால் நான்காவது 2 அல்லது 6 ஆகத்தான் இருக்க முடியும். 8 க்குரிய விதியும் எட்டாம் கட்டத்தை அதே 2, 6 க்குள் அடக்கிவிடும். ஆகவே இரண்டாம், ஆறாம் கட்டங்களுக்கு 4 உம் 8 உம் எஞ்சும்.

படி 4: முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும் முதல் ஆறின் கூட்டுத்தொகையும் 3 ஆல் வகுபடுவதால், நடுவிலுள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் 3 ஆல் வகுபட்டாக வேண்டும். எனவே அவை 258 அல்லது 654. இந்த ஒரு படியிலேயே கணக்கின் பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

படி 5: 258 ஐ வைத்தால், மற்ற விதிகளுக்குப் பொருந்தும் ஏழிலக்க எண்கள் 1472589, 7412589 இரண்டுதான், இரண்டுமே 7 ஆல் வகுபடா. 654 ஐ வைத்தால் எட்டு எண்கள் தேறும். அவற்றைச் சோதிக்க நீள்வகுத்தல் வேண்டியதில்லை. 1001 என்பது 7 இன் மடங்கு என்பதால், வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் போதும். 3816547 க்கு 547 − 816 + 3 = −266; இது 7 இன் −38 மடங்கு. 9816543 க்கு −264 வருவதால் அது தள்ளுபடி. எட்டையும் நீங்களே செய்து பாருங்கள், 3816547 மட்டுமே நிற்கும்.

எட்டாம் கட்டத்துக்கு 2, ஒன்பதாம் கட்டத்துக்கு 9. ஒன்பது இலக்கங்களின் கூட்டுத்தொகை எந்த வரிசையிலும் 45 என்பதால் 9 இன் விதி தானாகவே நிறைவேறும்.

ஆர்வமுள்ளவர்கள் இலக்கங்கள் மீண்டும் வரலாம் என்று விட்டுக்கொடுத்து மேலும் தொடரலாம். 10 க்காக 0, 11 க்காக 6, 12 க்காக 0, 13 க்காக 8 என ஒவ்வோர் இடத்திலும் ஒரே இலக்கம்தான் பொருந்தி 3816547290608 கிடைக்கும். அடுத்து 7 ஆல் வகுபட 5 ஐ மட்டுமே சேர்க்க முடியும். ஆனால் 14 ஆல் வகுபட இரட்டைப்படை இலக்கம் வேண்டும் என்பதால் அந்த வரிசை பதின்மூன்று இலக்கங்களோடு நின்றுவிடுகிறது.