கழுத்துப்பிடி வேண்டாம்

பின்னாலிருந்து கையை வளைத்துக் கழுத்தை இறுக்கும் பிடியைத் தற்காப்பு வகுப்பில் கற்றிருந்தால், தயவுசெய்து அதை வகுப்போடு விட்டுவிடுங்கள். கழுத்தின் இருபுறத் தமனிகளும் அழுந்தினால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். முழங்கை சற்றே விலகினால் அழுத்தம் குரல்வளை மீது விழும். பயிற்சியில் எதிராளி ‘போதும்’ என்று கையால் தட்டியதும் விட்டுவிடுகிறோம். தெருவிலோ, மூச்சுக்குத் திமிறுபவன் எதிர்க்கிறான் என்று நினைத்து இன்னும் இறுக்குவோம். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

2023 மே மாதம் நியூயார்க் சுரங்க ரயிலில், பயணிகளை மிரட்டியவரின் கழுத்தை இன்னொரு பயணி சில நிமிடங்கள் பிடித்திருந்தார். பிடிபட்டவர் இறந்தார். பிடித்தவர் மீது வழக்கு நடந்தது; குற்றவாளி அல்ல என்று அவர் விடுவிக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான்.

இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 37ஆவது பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமையைத் தரவில்லை. எதிராளி தளர்ந்த பிறகும் பிடித்திருந்தால், தற்காப்பு என்ற வாதம் பலவீனமாகிவிடும்.

தள்ளிவிட்டு ஓடுங்கள், கூச்சலிடுங்கள், 112ஐ அழையுங்கள். கழுத்து நெரிபட்டவர் எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குரல் கம்மினாலோ எச்சில் விழுங்க வலித்தாலோ தாமதிக்கவே வேண்டாம். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.