மாற்றியமைத்த பழைய ஜீப்புக்கு ஸ்டியரிங் சாமான் தேடுவது எப்படி: கொழும்பில் தொடங்குபவர்களுக்கான செய்முறை

பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போய் “பிஜே40க்கு டை ரொட் எண்ட் இருக்கா?” என்று கேட்டால் சாமான் வந்துவிடும். (பிஜே40 என்பது 40 சீரீஸ் டொயோட்டா லேண்ட் குரூசர்; டை ரொட் எண்ட் என்பது முன் சில்லுகளை இணைக்கும் கம்பியின் நுனியில் உள்ள பந்து மூட்டு.) பிஜே40க்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் முன் அச்சு 60 சீரீஸ் லேண்ட் குரூசரினது, ஸ்டியரிங் பொக்ஸ் ஏதோ ஒரு பிக்கப்பினது, பிட்மன் ஆர்ம் (பொக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டில் பூட்டும் கை) யாரோ லேத்தில் கடைந்தது என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரால் பயனில்லை. பல கைமாறிய ஜீப்புகள் இப்படித்தான் இருக்கும். வண்டியின் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் அளந்து தேடுங்கள்.

படி 1: எது எந்த வண்டியினது?

ஒரு தாளில் ஸ்டியரிங் வீலிலிருந்து முன் சில்லு வரை வரிசையாக எழுதுங்கள்: ஷாஃப்ட், யூனிவர்சல் ஜொயிண்ட், பொக்ஸ், பிட்மன் ஆர்ம், ட்ராக் லிங்க் (drag link, பிட்மன் ஆர்மின் அசைவை நக்கிள் ஆர்முக்குக் கொண்டு போகும் கம்பி), நக்கிள் ஆர்ம் (சில்லைத் திருப்பும் கை), டை ரொட். ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் சேற்றையும் கிறீஸையும் தேய்த்துவிட்டு, வார்ப்பில் உள்ள எண்களைப் பாருங்கள். டொயோட்டா பாக எண்ணில் முதல் 5 இலக்கம் அது என்ன சாமான் என்பதைச் சொல்லும், அடுத்த 5 எந்த வகை என்பதைச் சொல்லும். டிஃபெண்டர் போன்ற கொயில் ஸ்பிரிங் லேண்ட் ரோவர்களில் டை ரொட் எண்ட் ஆர்டிசி5869, ஆர்டிசி5870 என்று ஜோடியாக வரும். ஒன்று வலப்புரி, மற்றது இடப்புரி. கடையில் இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரே பக்கத்துச் சாமான் இரண்டு கையில் வந்துவிடும்.

சீரீஸ் லேண்ட் ரோவர் (டிஃபெண்டருக்கு முந்திய லீஃப் ஸ்பிரிங் வண்டி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிற்கும் ஸ்டியரிங் ரிலேயின் (பொக்ஸின் அசைவைச் சில்லுப் பக்கத்துக்குக் கடத்தும் நிலைக்குத்து ஷாஃப்ட்) உள்ளே வலுவான ஸ்பிரிங் ஒன்று அமுங்கிய நிலையில் இருக்கிறது. பழக்கமில்லாத கையால் பிரித்தால் அது பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். அதை வேலை தெரிந்த மெக்கானிக் பாஸிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 2: டேப்பர்

அதிகம் பிழை நடப்பதும், நடந்தால் உயிருக்கே ஆபத்தாவதும் இந்த இடம்தான். டை ரொட் எண்டின் பந்திலிருந்து நீளும் ஸ்டட் ஒரு பக்கம் தடித்து நுனிப்பக்கம் மெலிந்திருக்கும். ஆர்மின் துளையும் அதே சரிவில் (இதுதான் டேப்பர்) கடையப்பட்டிருக்கும். இரண்டும் முழுப் பரப்பிலும் கவ்வி நின்றால்தான் பாரம் தாங்கும். நட்டின் வேலை அந்தப் பிடியை விடாமல் வைத்திருப்பது மட்டுமே.

வேர்ணியர் கலிப்பரால் ஸ்டட்டின் தடித்த இடத்தில் ஒரு விட்டமும், அங்கிருந்து 20 மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு விட்டமும் எடுங்கள். முதலாவது 17.0, இரண்டாவது 14.5 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.5. 20ஐ 2.5ஆல் வகுத்தால் 8, ஆகவே டேப்பர் 1:8. இதைத் தவிர 1:10 வகையும் புழக்கத்தில் உண்டு. கையில் பிடித்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அளவு ஒத்துவந்தாலும் அத்தோடு விடாதீர்கள். ஸ்டட்டில் மார்க்கர் மையை மெல்லியதாகப் பூசி, துளைக்குள் கையால் அழுத்திக் கால்வாசி சுற்றுச் சுற்றி வெளியே எடுங்கள். மை மேலிருந்து கீழ்வரை பரவலாகத் தேய்ந்திருந்தால் நல்லது. மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் ஒரு வளையமாகத் தேய்ந்திருந்தால் டேப்பர் வேறு. அந்த எண்டை எவ்வளவு இறுக்கினாலும் ஸ்டட் உள்ளே நுண்ணியதாக ஆடும், துளையைத் தின்னும், ஒருநாள் கழுத்தில் முறியும்.

அடுத்ததாக நட்டைப் பாருங்கள். இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நட்டின் வெட்டுகளுக்குள் நிற்க வேண்டும். வெட்டுக்கு மேலே ஏறிப் போயிருந்தால், ஆர்மின் துளை பெரிதாகி ஸ்டட் ஆழமாக அமர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வொஷர் அடுக்கி அதை மறைக்கும் வழக்கம் நம்மூர் கராஜ்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நட் இறுகும், டேப்பர் இறுகாது.

துளை சிறிதாக இருந்தால் சரியான விகித ரீமரால் லேத்தில் கடைந்து எடுக்கலாம். பெரிதாக இருந்தால் டேப்பர் புஷ் போடலாம், அல்லது ஆர்மையே மாற்றலாம். இரும்பை அடித்து உருவாக்கிய ஆர்மின் துளையை வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளைப்பது கூடவே கூடாது. சூடு பட்ட இடத்தின் ஓரம் உறுதி கெட்டு வெடிப்பு விடும்.

படி 3: புரி

மெட்ரிக் ஒன்றும் அங்குலம் ஒன்றுமாக, புரி இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இரண்டு வாங்குங்கள். எம்16×1.5 புரியும் (விட்டம் 16, இடைவெளி 1.5 மில்லிமீற்றர்) 5/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல நுண்புரி) புரியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவதன் விட்டம் 15.875 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.41. ஒன்றை மற்றதற்குள் விட்டால் சில சுற்று இலகுவாகப் போய்ப் பிறகு இறுகும். “புதுசு, அதான் டைட்” என்று ஸ்பனர் போட்டுத் திருப்பினால் இரண்டு புரியும் போய்விடும்.

எண்ட் டை ரொட்டின் குழாய்க்குள் விட்டத்தின் ஒன்றரை மடங்காவது இறங்க வேண்டும். 16 மில்லிமீற்றர் புரிக்கு 24. பூட்டுவதற்கு முன் புரியில் அந்த இடத்தை மார்க்கரால் கோடிட்டுவிட்டால் உள்ளே போனதா என்று பிறகு சந்தேகம் வராது.

படி 4: பொக்ஸும் பிட்மன் ஆர்மும்

பாவித்த பொக்ஸ் வாங்கும்போது பிட்மன் ஆர்ம், கப்ளிங், பிராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்துச் செட்டாகக் கேளுங்கள். பவர் ஸ்டியரிங் பொக்ஸ் என்றால் பம்ப், ஹோஸ் உட்பட. தனியாக வாங்கினால் ஆர்மைத் தேடியே மாதங்கள் போய்விடும். 40 சீரீஸ் லேண்ட் குரூசருக்கு 60 சீரீஸ் பவர் பொக்ஸ் போடுவது பல நாடுகளிலும் பழகிப்போன மாற்றம் என்பதால் முதலில் அதைத் தேடுவது நல்லது. ஜப்பானிலிருந்து வரும் சாமான் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு உரியது, நமக்குப் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் இடப்பக்கத்துக்கானவை.

கடை மேசையிலேயே இவற்றைச் செய்யுங்கள்:

- வெளியே வரும் ஷாஃப்டின் ஸ்பிளைன் பற்களை நேராக வைத்துப் பாருங்கள். கோடுகள் முறுக்கிக்கொண்டிருந்தால் வண்டி எதிலோ பலமாக மோதியிருக்கிறது. வேண்டாம்.
- பற்களை எண்ணுங்கள். முதல் பல்லில் பெயின்ட் வைத்து இரண்டு தரம் எண்ணுங்கள். அகலமான பல் உண்டா, எங்கே என்று குறியுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் விட்டம் வேறாக இருக்கலாம்.
- உள்ளே போகும் ஷாஃப்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி, சுற்றுகளை எண்ணிச் சரிபாதிக்குத் திருப்புங்கள். நல்ல பொக்ஸ் நடுவில் சற்று இறுக்கமாக இருக்கும். நடுவில் ஆட்டம், ஓரத்தில் இறுக்கம் என்றால் தேய்ந்துவிட்டது.
- வலப்பக்கம் திருப்பினால் ஆர்மின் நுனி எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். குறுக்கே தள்ளும் அமைப்பில் பின்நோக்கிய ஆர்மை முன்நோக்கித் திருப்பிப் பூட்டினால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும்.

அந்த நடு இறுக்கத்தைப் பூட்டும்போது மறக்க வேண்டாம். சில்லுகள் நேராக நிற்கும்போது பொக்ஸும் நடுவில் நிற்க வேண்டும். ஸ்டியரிங் வீல் கோணலாக இருக்கிறது என்று பொக்ஸை நடுவிலிருந்து தள்ளி வைத்தால், நேர்ப்பாதையில் வண்டி அலையும். பொக்ஸை நடுவுக்குக் கொண்டுவர ட்ராக் லிங்கின் நீளத்தை மாற்றுங்கள்; அதன் பிறகும் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக வைத்துப் பூட்டுங்கள்.

பிட்மன் ஆர்மின் நீளத்தை இரு துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளங்கள். 150 மில்லிமீற்றர் ஆர்முக்குப் பதில் 165 போட்டால் சில்லு 10 சதவீதம் கூடுதலாகத் திரும்பும், கைக்குப் பாரமும் அதே அளவு கூடும். எதைப் போட்டாலும் அச்சில் உள்ள ஸ்டொப் போல்ட் முதலில் முட்ட வேண்டும். பொக்ஸ் உள்ளே முட்டி நின்றால் உடைவது பொக்ஸ்.

படி 5: கடைக்குப் போகும்போது

புகைப்படத்தோடு போகாதீர்கள், கழற்றிய பழைய சாமானையே கொண்டு போங்கள். ஆர்மைக் கழற்ற முடிந்தால் அதுவும் பையில் இருக்கட்டும், மை சோதனையைக் கடையிலேயே முடித்துவிடலாம். கழற்றுவதற்குப் புல்லர் பாவியுங்கள். பிட்மன் ஆர்மைச் சுத்தியலால் அடித்தால் பொக்ஸின் உள்ளே பெயாரிங்கில் அடி விழும். 555 போன்ற பெயர்போன ஜப்பான் சாமான் கேட்டு வாங்குங்கள், ஆனால் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். எண்டில் பதித்த எழுத்து, புரியின் வெட்டு, ரப்பர் கவரின் மென்மை மூன்றையும் பாருங்கள். பூட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

படி 6: பூட்டிய பின்

ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டு போங்கள், ஒருபோதும் தளர்த்த வேண்டாம்.

வண்டியை உயர்த்தியிருந்தால் ட்ராக் லிங்கின் சரிவைப் பாருங்கள். கொயில் ஸ்பிரிங் வண்டியில் அது பான்ஹார்ட் ரொட்டுக்கு (அச்சை வண்டிச் சட்டத்தோடு குறுக்காகப் பிடிக்கும் கம்பி) சமாந்தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். தாழ்த்திய பிட்மன் ஆர்ம் போட்டுவிட்டு பான்ஹார்ட்டை அப்படியே விடுபவர்கள் இந்தக் குறையைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சில்லு முழுதாகத் தொங்கும் நிலையில் இரு கோடிக்கும் திருப்புங்கள். ட்ராக் லிங்க் ஸ்பிரிங்கில் உரசுகிறதா, எண்டின் பந்து கோணம் தாண்டி முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் கீழே பார்க்க வேண்டும். வண்டிச் சட்டத்தின் (சேசிஸ்) கீழ் ஸ்டாண்ட் வைக்காமல் யாரும் கீழே போகக் கூடாது.

கடைசியாக டோ, அதாவது முன் சில்லுகள் இரண்டும் முன்பக்கத்தில் எவ்வளவு ஒடுங்கி அல்லது விரிந்து நிற்கின்றன என்பது. இரு ரயரிலும் மைய உயரத்தில் கோடிட்டு முன்னால் ஒரு அளவும், வண்டியை அரைச் சுற்று உருட்டிப் பின்னால் ஒரு அளவும் எடுங்கள். சீரீஸ் லேண்ட் ரோவருக்கு முன்பக்கம் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் ஒடுங்கியிருக்க வேண்டும். டிஃபெண்டருக்கு மாறாக 0 முதல் 2 விரிந்திருக்க வேண்டும். அச்சு எந்த வண்டியினதோ அந்த வண்டியின் அளவை வையுங்கள்.

முதல் ஓட்டம் ஒழுங்கையில், நடை வேகத்தில். 500 கிலோமீற்றருக்குப் பிறகு எல்லா நட்டையும் டோர்க் ரெஞ்சால் ஒருமுறை பாருங்கள். பிட்மன் ஆர்ம் நட் அசைந்திருந்தால் இறுக்குவதோடு நிறுத்தாமல் கழற்றிப் பற்களைப் பாருங்கள்.