படகு ட்ரெயிலர் சில்லு பேரிங்: கிறீஸ் போடுவதும் நட்டை இறுக்குவதும்

சிம்கோ ஏரிக்கோ ஜோர்ஜியன் வளைகுடாவுக்கோ படகை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எஞ்சின் ஓயிலைத் தவறாமல் மாற்றுவார்கள். சில்லு பேரிங்கை மட்டும் அது கத்தத் தொடங்கிய பிறகுதான் பார்ப்பார்கள். கத்துகிற இடம் பெரும்பாலும் நெடுஞ்சாலை 400-இன் ஓரம். அங்கே வைத்துச் செய்யக்கூடியது அதிகமில்லை. வீட்டு வாசலில் செய்தால் பாதி நாள் வேலை, செலவும் பெரிதில்லை.

இந்த விளக்கம் ஒற்றை அச்சு, ஐந்து போல்ட் ஹப் (சில்லு மாட்டும் நடுக்குடம்), 3500 இறாத்தல் (சுமார் 1588 கிலோ) தாங்கும் அச்சு ஆகியவற்றுக்கு. கனடாவில் 16 முதல் 19 அடிப் படகுகளின் கீழ் அதிகம் காண்பது இதுதான். வேறு அச்சு என்றால் பாக எண்கள் மாறும், வேலை மாறாது.

ஏன் படகு ட்ரெயிலர் மட்டும் இப்படி?

ஒரு மணித்தியாலம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். வந்த வேகத்தில் ரேம்பில் பின்னோக்கி இறக்கிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க சீலின் (கிறீஸை உள்ளே நிறுத்தும் வளையம்) உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நன்னீர்தானே என்று இருந்துவிடாதீர்கள். பேரிங்குக்கு ஏரித் தண்ணீரும் எதிரிதான், உப்புத் தண்ணீர் அதைவிட வேகம், அவ்வளவுதான் வித்தியாசம். ரேம்புக்குப் போனதும் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்தி ஆற விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். படகின் கட்டுகளை அவிழ்க்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும்.

பலர் இந்த வேலையை ஏப்ரலில் செய்கிறார்கள். ஒக்ரோபரில் செய்வதே சரி. கோடையில் உள்ளே போன தண்ணீர் குளிர்காலம் முழுக்க பேரிங்கின் உருளைகளான ரோலரும் அவை ஓடும் வளையமான ரேஸும் தொடும் கோட்டில் அசையாமல் நிற்கும். வசந்தத்தில் திறக்கும்போது அந்தக் கோட்டில் துரு தின்றிருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கிறீஸ் போட்டும் பயனில்லை.

வாங்க வேண்டியவை

வழக்கமான 3500 இறாத்தல் அச்சில் உள் பேரிங் எல் 68149, அதன் ரேஸ் எல் 68111. வெளி பேரிங் எல் 44649, அதன் ரேஸ் எல் 44610. அச்சில் சீல் உதடு ஓடும் இடத்தின் விட்டம் 1.719 அங்குலம். ஆனால் இதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு பக்கத்தைக் கழற்றி, பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணை வாசித்த பிறகு வாங்குங்கள். முன்னைய உரிமையாளர் ஹப்பையே மாற்றியிருக்கலாம்.

ஒவ்வொரு சில்லுக்கும் புதிய சீல் ஒன்று, புதிய ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் பூட்டும் இரட்டைக் கால் ஊசி) ஒன்று கட்டாயம். இரண்டையும் திரும்பப் பாவிப்பது சேமிப்பு அல்ல. சீல் வாங்கும்போது உள்ளே ஸ்பிரிங் உள்ள இரட்டை உதடு சீலாகக் கேளுங்கள்.

கிறீஸில் என் விருப்பம்: எண் 2 தடிப்பு, சில்லு பேரிங்குக்கு ஏற்றதென்று காட்டும் ஜிசி-எல்பி (GC-LB) முத்திரை, தண்ணீர் தாங்கும் லித்தியம் கொம்ப்ளெக்ஸ் அல்லது கல்சியம் சல்பனேற். 14 அவுன்ஸ் கார்ட்ரிஜ் ஒன்று இரண்டு சில்லுக்கும் போதும். நிறத்தைப் பார்த்து ஒரே இனம் என்று முடிவெடுக்க வேண்டாம், நிறம் வெறும் சாயம். அடிப்பொருள் வேறான கிறீஸ்கள், முக்கியமாகப் பொலியூரியாவும் லித்தியமும், கலந்தால் இளகி வழியலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதையும் கழுவிவிட்டுத் தொடங்குவதே வழி.

கழற்றுதல்

ட்ரெயிலரைக் காரிலேயே கொழுவி வைத்திருங்கள், மறுபக்கச் சில்லுக்கு இரண்டு புறமும் கட்டை கொடுங்கள், ஜாக்கில் மட்டும் விட்டு வேலை செய்யாமல் ஸ்டாண்ட் வையுங்கள். அச்சுக் குழாயின் நடுவில் ஜாக் கொடுத்தால் அது வளையும். சட்டத்தில், அச்சு பொருந்தும் இடத்துக்குக் கிட்டக் கொடுங்கள்.

சில்லைக் கழற்ற முன் ஒரு சோதனை. ரயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். பிறகு சில்லைச் சுற்றிவிட்டு, மறுகையை அச்சின் மேலுள்ள ட்ரெயிலர் ஸ்பிரிங்கில் வையுங்கள். பேரிங் பழுதென்றால் அந்தக் கரகரப்பு காதுக்குக் கேட்க முன்பே கைக்குத் தெரியும்.

ஹப்பின் முகப்பு மூடியான டஸ்ட் கப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுங்கள், ஒரே பக்கம் நெம்பினால் நெளியும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டையும் வாஷரையும் எடுத்து, ஹப்பை இலேசாக முன்னே இழுத்தால் வெளி பேரிங் கைக்கு வரும். அதை மண்ணில் விழ விடாதீர்கள். ஹப்பைக் கழற்றிக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து சீலை நெம்பி எடுங்கள். வலப்பக்கத்துப் பாகமும் இடப்பக்கத்துப் பாகமும் கலக்கக் கூடாது. ரேஸும் ரோலரும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகியவை.

கழுவிப் பார்த்தல்

கிறீஸைத் துடைக்க முன் அதன் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது. கறுத்துக் கருகிய மணமென்றால் சூடேறியிருக்கிறது. விரலிடையில் தேய்த்தால் மினுங்கும் துகள் வந்தால் உலோகம் உதிர்கிறது.

மண்ணெண்ணெயில் தூரிகை போட்டுக் கழுவி, பிரேக் கிளீனர் அடித்து, நூல் உதிராத துணியில் உலர விடுங்கள். அழுத்தக் காற்றால் பேரிங்கைச் சுழற்றி விளையாடாதீர்கள். கிறீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து ரோலர் தெறிக்கும். கழுவிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

இப்போது நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு ரோலரையும் விரலால் உருட்டிப் பாருங்கள். சாம்பல் நிற மங்கல் பரவாயில்லை. ரேஸில் ரோலர்களின் இடைவெளிக்குச் சரியாகச் சம தூரத்தில் கறுப்புக் கோடுகள் இருந்தால் அது நின்ற இடத்தில் பிடித்த துரு. நகத்தை அதன் மேல் இழுங்கள். நகம் சிக்கினால் பேரிங்கும் ரேஸும் சேர்ந்தே போகவேண்டும். நீலம் பாய்ந்த உலோகம், செதில் உரிந்த ரோலர், வளைந்த கூடு எதற்கும் இரண்டாம் யோசனை வேண்டாம்.

ஸ்பிண்டிலில் (ஹப் ஏறிச் சுழலும் அச்சு நுனி) சீல் உதடு ஓடும் இடத்தையும் அதே நகத்தால் சோதியுங்கள். அங்கே வாய்க்கால் விழுந்திருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் தண்ணீர் வரும். மெல்லிய துருப்பிடியா உருக்கு வளையம் ஒன்றை அந்த இடத்தில் ஏற்றினால் தீரும்.

ரேஸ் மாற்றுவதென்றால்: பின்பக்கமிருந்து பித்தளைக் கம்பி வைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறித் தட்டி வெளியேற்றுங்கள். புதியதை அகன்ற வாய் வெளியே பார்க்க வைத்து, பழைய ரேஸையே மேலே வைத்துத் தட்டி இறக்கலாம். பழையதன் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டால் உள்ளே சிக்காது. அடி வரை இறங்கியதும் சுத்தியலின் ஓசை மாறும், மந்தமாகக் கேட்டது கணீரென்று ஒலிக்கும். ரேஸ் கையால் தள்ளவே உள்ளே போனால் ஹப் தேய்ந்துவிட்டது, அதை எறியுங்கள்.

கிறீஸ் ஏற்றுதல்

ரோலரின் வெளியே பூசினால் போதாது, கூட்டுக்குள் போகவேண்டும். உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு கிறீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்திச் சுரண்டுங்கள். மறுபக்கம், ரோலர்களுக்கு இடையே, கிறீஸ் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கவேண்டும். கொஞ்சம் சுற்றி அடுத்த இடம், இப்படி முழு வட்டமும். இதற்கென்று விற்கும் கூம்பு வடிவக் கருவி வேலை செய்யும்தான், ஆனால் இரண்டு சில்லுக்குக் கையே போதும்.

உள் பேரிங்கை வைத்து சீலைப் போடுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் பேரிங்கைப் பார்க்கவேண்டும், தட்டையான பக்கம் வெளியே. மரக்கட்டை ஒன்றை மேலே வைத்து, ஹப்பின் விளிம்போடு மட்டமாகும்வரை தட்டுங்கள். உதட்டில் இலேசாகக் கிறீஸ் தடவுங்கள், வறண்ட உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். ஹப்பின் வயிற்றையும் நிரப்புங்கள். காற்றுக்கு இடமில்லாவிட்டால் சுருங்குவதற்கும் ஒன்றுமில்லை.

நட்டை இறுக்குதல்: ஆளைக் கவிழ்க்கும் இடம்

இப்போதைய கார் ஹப்புகளில் நட்டை முழுப் பலத்தோடு இறுக்குவார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு ட்ரெயிலருக்கு வந்தால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே பேரிங் எரியும். இங்கே நட்டின் வேலை பேரிங்கை நெரிப்பதல்ல, அது நகராமல் எல்லை போடுவதுதான். ஓடும்போது உள் பாகங்கள் சூடாகி விரியும். அந்த விரிவுக்கு இடமில்லையென்றால் ரோலர் நெரிபடும், கிறீஸ் உருகி ஓடும், பிறகு உலோகத்தில் உலோகம். ஆகவே கொஞ்சம் ஆட்டம் இருக்கவேண்டும், 0.025 முதல் 0.25 மில்லிமீற்றர் வரை.

முதலில் ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-இறாத்தல் (சுமார் 68 நியூட்டன் மீற்றர்) வரை இறுக்குங்கள். புதிதாக ஏற்றிய கிறீஸ் ரோலருக்கும் ரேஸுக்கும் நடுவே மெத்தை போட்டிருக்கும், அது பிதுங்கி விலகி, ரேஸும் அடியில் உட்காருவதற்காகத்தான் இது. இந்தப் படியைத் தவிர்த்தால் வாசலில் சரியாக இருந்த சில்லு ஐம்பது கிலோமீற்றரில் லொடலொடக்கும்.

அடுத்து, ஹப்பைச் சுற்றாமல், நட்டை மட்டும் முழுதாகத் தளர்த்துங்கள். அப்படியே விரலால் மட்டும், ஸ்பேனர் இல்லாமல், தொட்டு நிற்கும்வரை திருகுங்கள். இடையில் ஹப்பைச் சுற்றினால் உட்கார்ந்த ரோலர் இடம் மாறி, விரல் இறுக்கம் பொய் சொல்லும்.

இனி ஸ்பிளிட் பின் துளை. நட்டின் விளிம்பில் உள்ள வெட்டு ஸ்பிண்டிலின் துளைக்கு நேராக வராவிட்டால், அடுத்த வெட்டு நேராகும்வரை தளர்த்துங்கள். இறுக்கும் பக்கம் மிக அருகில் இருந்தாலும் அந்தப் பக்கம் போகவே கூடாது. கணக்குப் பாருங்கள்: அங்குலத்துக்கு 14 புரி, நட்டில் 6 வெட்டு. ஒரு வெட்டுத் தூரம் சுமார் 0.3 மில்லிமீற்றர். அரை வெட்டு தளர்த்தினால் 0.15, நல்ல அளவு. அதே அரை வெட்டை இறுக்கினால் இருக்கவேண்டிய ஆட்டமெல்லாம் போய், அதற்கு மேலும் நெரித்திருப்பீர்கள். ஓரளவு லூஸான பேரிங் ஒரு பருவம் தாக்குப்பிடிக்கும், இறுகியது ஒரு பயணம்கூடத் தாங்காது. அதற்காகத் தாராளமாக லூஸ் விடவும் கூடாது. ஹப் ஆடினால் சீல் உதடு விலகித் தண்ணீருக்கு வழி திறக்கும்.

பின்னைப் போட்டுக் கால்களை மடியுங்கள். சரியாக முடித்தால் நட்டை விரலால் இலேசாக அசைக்கலாம், பின் மட்டும்தான் அதைத் தடுக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

மூடி

டஸ்ட் கப்புக்குப் பதிலாகப் போடும், ஸ்பிரிங் உள்ள ‘பேரிங் படி’ (Bearing Buddy) மூடி நன்னீரோ உப்போ படகுக்கு நல்ல முதலீடு. உள்ளே சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்துத் தண்ணீரை எதிர்க்கும். இந்த அச்சின் ஹப்புக்குப் பொதுவாக 1.980 அங்குல அளவு. ஸ்பிரிங் தள்ளும் உள் தட்டு கால் பங்கு வெளியே வந்ததும் கிறீஸ் கன்னை நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் பின் சீல் பிதுங்கி ரிம்மின் உட்புறம் முழுக்கக் கிறீஸ் தெறித்திருக்கும். ஸ்பிண்டில் நுனியிலேயே கிறீஸ் முலை (கிறீஸ் கன் மாட்டும் சிறு குமிழ்) உள்ள அச்சென்றால், சில்லைச் சுற்றிக்கொண்டே கைக் கன்னால் மெதுவாக அடியுங்கள். மோட்டார் கன் வேண்டாம். எந்த வகையானாலும் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

பின்சேர்க்கை

நட்டுக்கு ஸ்பிளிட் பின் இல்லையே என்பவர்களுக்கு: சில ஸ்பிண்டில்களில் நட்டின் மேல் பிடிப்பான் தொப்பி மாட்டும். விரல் இறுக்கம் வரை அதே முறை, பிறகு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பொருந்தும் நிலையைத் தேடுங்கள். பொருந்தாவிட்டால் மயிரளவு தளர்த்துங்கள்.

ஒன்ராறியோவில் மொத்த எடை 1360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்கு பிரேக் கட்டாயம். டிஸ்க் உள்ள ஹப் என்றால் திரும்பப் போட முன் டிஸ்கின் இரு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள், விரல் ரேகை அளவு கிறீஸும் பிரேக் கட்டையில் ஊறும். பிரேக் சில்லு ஹப் கொஞ்சம் கூடச் சூடாவது இயல்பு. இடமும் வலமும் ஒத்த சூட்டில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

ஓட்டத்துக்குப் பிறகு

சில்லு நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில், மூன்று சுற்றாக, அரை அங்குல போல்டுக்கு 90 முதல் 120 அடி-இறாத்தல் வரை. பிறகு 10, 25, 50 மைலில் மீண்டும் சரிபார்க்கவேண்டும். அந்த 10 மைல் நிறுத்தத்திலேயே ஹப்பையும் தொடுங்கள், அல்லது இருபது முப்பது டொலர் அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கை வைத்துப் பொறுக்க முடிந்தால் சரி. ஒன்று மற்றதைவிட 20 பாகை செல்சியஸ் கூடுதல் என்றால் வீட்டுக்குத் திரும்பி நட்டை முதலில் பாருங்கள்.

நீண்ட தூரம் போகிறவர்கள் ரேஸ் அடித்து, பேரிங் கிறீஸ் ஏற்றி, சீல் போட்ட முழு ஹப் ஒன்றைத் தடித்த பிளாஸ்ரிக் பையில் கட்டி வண்டியில் வைத்திருங்கள். அதோடு ஸ்பிளிட் பின் இரண்டு, வாஷர், நட், குறடு, கடுதாசித் துவாய்ச் சுருள், கையுறை.