எஃப்எஃப்ஏ பேங்க்வெட் நல்லா நடத்துறது எப்படி: நாலு வருஷமா கிச்சன்லயும் மேடை ஓரத்துலயும் நின்னு கத்துக்கிட்டது

டெக்சாஸ்ல நாங்க இருக்கிறது சின்ன ஊரு, என் பொண்ணு ஒன்பதாவது போனப்போ அக்ரிகல்ச்சர் கிளாஸ் எடுத்தா, அதோட ஸ்கூல் எஃப்எஃப்ஏ சாப்டர்லயும், அதாவது கிளைலயும், மெம்பர் ஆயிட்டா. இந்தியாவுல இருந்து வந்தவங்களுக்கு இது என்னன்னு தெரியாது, எனக்கும் தெரியாது. 1928ல கான்சஸ் சிட்டில ஆரம்பிச்ச மாணவர் அமைப்பு, முன்ன ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு பேரு, 1988ல நேஷனல் எஃப்எஃப்ஏ ஆர்கனைசேஷன்னு மாத்துனாங்க. பொண்ணுங்களை தேசிய அளவுல மெம்பரா சேர்த்துக்கிட்டதே 1969லதான். வருஷக் கடைசில, ஏப்ரல் இல்லன்னா மே மாசம், ஒவ்வொரு சாப்டரும் ஒரு விருந்து வச்சு பசங்களுக்கு சட்டைல குத்துற பின், பிளாக்னு சொல்ற விருதுப் பலகை எல்லாம் குடுப்பாங்க, அதான் பேங்க்வெட். நாலு வருஷம் அந்த வேலைல நானும் நின்னேன், இந்த வருஷம் எங்கெங்கயோ இருக்கிற நம்ம ஊரு அம்மா அப்பா நாலஞ்சு பேரு "எங்க தலைல கட்டிட்டாங்க, என்ன பண்றதுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டாங்க, அதனால மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. சாப்பாடு, டெகரேஷன், ஸ்லைட்ஷோ எல்லாம் அப்புறம். ஒவ்வொரு புள்ளையும் அந்த வருஷம் தன் கையால என்ன பண்ணுச்சுங்கிறது அந்த ஹால்ல இருக்கிற எல்லார் காதுலயும் விழணும், அதுக்குத்தான் இந்த ராத்திரி. இத மனசுல வச்சுக்கிட்டா எதை வைக்கணும் எதை வெட்டணும்னு தானா தெரிஞ்சிடும்.

இத நான் ஒரு தப்புல இருந்து கத்துக்கிட்டேன். ரெண்டாவது வருஷம் பேர் லிஸ்ட் டைப் பண்ணது நான், பழைய காப்பில இருந்து அடிச்சேன், ஒரு பையன் பேரு விட்டுப்போச்சு. கோடை லீவு முழுக்க கிரீன்ஹவுஸ்க்கு தண்ணி ஊத்துன பையன் அவன், டெக்சாஸ் வெயில்ல ஒரு நாள் விட்டா செடி போயிடும், ஒரு நாள்கூட விடல. அவனோட பாட்டி முன்வரிசைல உக்காந்திருந்தாங்க, இவன் ஜாக்கெட் ஜிப்பை கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு ரெடியா இருந்தான், ஒவ்வொரு பேரா கூப்பிட்டு முடிச்சாச்சு, கைதட்டியாச்சு, அவன் அப்படியே உக்காந்திருந்தான். பிளாக் பாக்ஸ் அடில கிடந்துச்சு. வீட்டுக்கே கொண்டுபோய் குடுத்து மன்னிப்பு கேட்டேன், ஆனா அந்த ஹால் திரும்ப கிடைக்காதுல்ல. அதுலேர்ந்து மூணு பேரு தனித்தனியா பார்க்காம லிஸ்ட் பிரிண்டுக்கு போறதில்ல, மூணாவது ஆள் கண்டிப்பா ஒரு ஸ்டூடண்ட்டா இருக்கணும், ஏன்னா யார் என்ன செஞ்சாங்கன்னு பசங்களுக்குத்தான் முழுசா தெரியும்.

தேதிய ஜனவரிலயே பிடிச்சிடுங்க. கஃபெட்டீரியாவோ ஜிம்மோ புக் பண்ண போனா டிராக் மீட், பேண்ட் கான்சர்ட், ஸ்டேட் பரீட்சைன்னு எல்லாம் நிக்கும், மே முதல் ரெண்டு வாரம் ஏபி பரீட்சை வேற. அட்வைசரோட, அதாவது ஏஜி டீச்சரோட, உக்காந்து காலண்டரைப் பார்த்து முடிவு பண்ணுங்க, அவங்க பாதி நாள் போட்டிக்கு பசங்களை கூட்டிக்கிட்டு ரோட்லதான் இருப்பாங்க.

அடுத்து ஆபீசர் பசங்களோட, அதாவது சாப்டர்ல பிரசிடென்ட், செகரட்டரின்னு பொறுப்புல இருக்கிற ஸ்டூடண்ட்டுங்களோட, பிப்ரவரில ஒரு மீட்டிங். வேலைய அவங்ககிட்ட குடுங்க, நம்ம பின்னாடி நின்னா போதும். ரிப்போர்ட்டர் பையனோ பொண்ணோ வருஷம் முழுக்க போட்டோ சேர்த்து வைக்கணும், மே மாசம் வந்து தேடுனா நாலு பேர் மூஞ்சிதான் திரும்பத் திரும்ப வரும். ஸ்லைட்ஷோல ஒவ்வொரு மெம்பரும் ஒரு தடவையாவது வர்றாங்களான்னு லிஸ்ட் வச்சு டிக் பண்ணுங்க.

நான் ரொம்ப வற்புறுத்துறது இதுதான், ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு சின்ன கார்டு. அதுல அந்தப் புள்ளையே ஒரு வரி எழுதணும், இந்த வருஷம் நான் பண்ண வேலை என்னன்னு. எஃப்எஃப்ஏல ஒவ்வொருத்தருக்கும் எஸ்ஏஈன்னு ஒரு சொந்த புராஜெக்ட் இருக்கும், ஆடு வளர்க்கலாம், கடைல வேலை பார்க்கலாம், மண்ணை வச்சு ஆராய்ச்சி பண்ணலாம், எது வேணா. "ரெண்டு செம்மறி ஆடு வளர்த்தேன், ஒண்ணுக்கு சீக்கு வந்து பத்து நாள் கொட்டகைலயே தூங்குனேன்"னு ஒரு பொண்ணு எழுதி குடுத்தா, அதை மைக்ல படிச்சப்போ பின்னாடி நின்ன அப்பா தொப்பிய கழட்டி கைல பிடிச்சுக்கிட்டாரு. பத்து செகண்ட் வரி அது. அறுபது பசங்கன்னா பத்து நிமிஷம்தான் ஆகும், அதுக்காக கெஸ்ட் ஸ்பீச்சை பாதியா வெட்டலாம், நான் வெட்டியிருக்கேன்.

கார்டு பின்னாடி பேரை எப்படி கூப்பிடணும்னு சத்தம் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. என் பொண்ணு பேர்ல ழ வருது, முதல் வருஷம் மேடைல அது என்னவோ ஆச்சு. எங்க சாப்டர்ல மெக்சிகன் குடும்பத்துப் பசங்க நிறைய, அவங்க பேரும் அப்படித்தான் அடி வாங்கும். வாசிக்கிற பசங்க முதல் நாள் அந்தந்தப் புள்ளையையே நிக்க வச்சு கேட்டு சொல்லிப் பார்க்கட்டும், வீட்டுல கூப்பிடுற மாதிரியே பேரு வந்தா அந்த அம்மா மூஞ்சிய பாருங்க.

ஓபனிங் செரிமனிய சுருக்காதீங்க. வெளில இருந்து வர்றவங்களுக்கு பேங்க்வெட்ல ரொம்ப அழகான பகுதி அதுதான். வைஸ் பிரசிடென்ட் ஒவ்வொரு ஆபீசரா கேப்பாங்க நீ எங்க இருக்க, உன் கடமை என்னன்னு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னம், பிரசிடென்ட்டுக்கு உதிக்கிற சூரியன், வைஸ் பிரசிடென்ட்டுக்கு ஏர், செகரட்டரிக்கு மக்காச்சோளக் கதிர், டிரஷரருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் படம், ஏன்னா அவரு தன் பண்ணைக் கணக்கை ஒழுங்கா எழுதி வச்சவரு, ரிப்போர்ட்டருக்கு கொடி, அட்வைசருக்கு ஆந்தை. சென்டினல்னு ஒருத்தர் கதவுகிட்ட நிப்பாங்க, வர்றவங்களை வரவேற்கிறதும் ஹால்ல எல்லாரும் சௌகரியமா இருக்காங்களான்னு பார்க்கிறதும் அவங்க கடமை, அதனால ஏசி, நாற்காலி, வீல்சேர் வழி இதெல்லாம் நிஜமாவே சென்டினல்கிட்ட ஒப்படைச்சிடுங்க, பெருமையா செய்வாங்க. மைக் இல்லாம பேசிப் பழகணும், குறைஞ்சது மூணு ரிகர்சல். மீட்டிங்ல மேஜைய தட்டுற சுத்தியல் கணக்கையும் புரோகிராம்ல ஒரு மூலைல போடுங்க, மூணு தட்டுன்னா எழுந்திரிக்கணும், ரெண்டு தட்டுன்னா மீட்டிங் ஆரம்பம், ஒண்ணுன்னா உக்காரலாம், இல்லன்னா தாத்தா பாட்டிங்க முழிப்பாங்க.

ஜாக்கெட் விஷயம். அந்த நீல கார்டுராய் ஜாக்கெட் 1933ல இருந்து இருக்கு, முதுகுல சின்னம், மார்புல மஞ்சள் நூல்ல பேரு. வாங்க வசதியில்லாத புள்ளைங்க இருப்பாங்க, அதைக் கேக்காம தெரிஞ்சுக்கணும். படிச்சு முடிச்சுப் போன பசங்க குடுத்துட்டுப் போன ஜாக்கெட்டுங்களை அட்வைசர் ரூம்ல ஒரு ஹேங்கர் வரிசைல வச்சிருக்கோம், ஒரு வாரம் முன்னாடியே "வந்து போட்டுப் பாருங்க"ன்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுவோம், யாரும் தனியா கூச்சப்பட வேண்டியதில்ல.

முதல் படியான கிரீன்ஹேண்ட் டிகிரிக்கு பின் வெண்கல நிறம், அதுக்கு அடுத்த படியான சாப்டர் டிகிரிக்கு பின் வெள்ளி நிறம். மேடைல அதை அம்மாவோ அப்பாவோ குத்தி விடுற மாதிரி வைங்க. கார்டுராய் துணி தடிமன், பதட்டத்துல கை நடுங்கும், பின்னோட பின்பக்க மூடி கீழ விழுந்து உருண்டு போயிடும், அதனால பாக்கெட்ல பத்து மூடி எக்ஸ்ட்ரா வச்சுக்கிட்டு ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும். பெத்தவங்க வர முடியாத புள்ளைக்கு யாரு குத்தி விடணும்னு முன்னாடியே அதுகிட்ட கேட்டு வைங்க. ஒரு பொண்ணு ஸ்கூல் பஸ் ஓட்டுற ஒரு அம்மாவ கூப்பிட்டா, அவங்க யூனிஃபார்மோட வந்து குத்திட்டுப் போனாங்க. அந்த வருஷம் ஆனரரி சாப்டர் டிகிரியும் அவங்களுக்கே குடுத்தோம், அது சாப்டருக்கு கை குடுத்த பெரியவங்களுக்கு குடுக்கிற மரியாதை, வருஷத்துக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ போதும், அள்ளி விட்டா மதிப்பு போயிடும்.

சாப்பாடு எங்க பக்கம் பிரிஸ்கெட்தான், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி. கொழுப்பு வெட்டி, வெந்து, எடை கிட்டத்தட்ட பாதியா குறையும், அதனால ஒரு ஆளுக்கு பச்சையா முக்கா பவுண்டு கணக்கு போடுங்க, 200 பேருக்கு 150 பவுண்டு. கூட பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், பன், பீச் காப்ளர். பீன்ஸ் ஒரு பாத்திரம் கறி போடாம தனியா, எழுதி ஒட்டி வைங்க, கறி சாப்பிடாதவங்க நம்ம வீட்டுல மட்டும் இல்ல. சூடா இருக்க வேண்டியது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல, ஜில்லுன்னு இருக்க வேண்டியது 41க்கு கீழ, தெர்மாமீட்டர் வச்சு ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். பரிமாற மேஜைய சுவத்துல ஒட்டிப் போடாதீங்க, நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் வரிசை விடுங்க, நேரம் பாதியாகும்.

மேஜை அலங்காரத்துக்கு காசு குடுத்து பூ வாங்குறதுல எனக்கு உடன்பாடே இல்ல. கிரீன்ஹவுஸ் இருக்குல்ல, துலுக்க சாமந்தி விதை போட்டா ஏழெட்டு வாரத்துல பூக்கும், மே முதல் வாரம் பேங்க்வெட்னா மார்ச் தொடக்கத்துல விதைக்கச் சொல்லுங்க, பெட்டூனியான்னா பிப்ரவரிலயே. ஒவ்வொரு பூந்தொட்டிலயும் அந்தச் செடிய வளர்த்த புள்ளை பேரை எழுதி சொருகி வைங்க, முடிஞ்சதும் வித்துடலாம். வைக்கோல் கட்டு வைக்கணும்னா ஸ்கூல்ல தீ விஷயமா கேட்டுக்கங்க, அலர்ஜியும் இருக்கும்.

புது ஆபீசர் யாருன்னு மேடைல சஸ்பென்ஸா அறிவிக்கிற பழக்கம் பல இடத்துல இருக்கு, எனக்கு அது சரின்னு படல. கிடைக்காத புள்ளை 200 பேர் முன்னாடி சிரிச்சுக்கிட்டே கைதட்டணும், பதினாறு வயசுல அது பெரிய பாரம். முதல் நாளே அட்வைசர் தனியா கூப்பிட்டு சொல்லிட்டா அழுது முடிச்சுட்டு நிமிர்ந்து வரும்.

மொத்தம் ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல போனா சின்னப் பசங்க ஓட ஆரம்பிச்சிடுவாங்க. பிளாக் எல்லாம் கூப்பிடுற வரிசைலயே பாக்ஸ்ல அடுக்கி நம்பர் ஒட்டிடுங்க. சீனியர்களை கடைசில வைங்க, எங்க சாப்டர்ல அவங்க வரிசையா நின்னு கடைசித் தடவையா ஜாக்கெட் ஜிப்பை சேர்ந்து கீழ இறக்குவாங்க, அந்த சர்ருங்கிற சத்தம் மட்டும்தான் கேக்கும், அப்போ மியூசிக் எதுவும் போடாதீங்க. போன வருஷம் என் பொண்ணும் அந்த வரிசைல நின்னா.

நாற்காலி மடக்குறதுக்கு முன்னாடியே எத்தனை பேர் வந்தாங்க, கறி எவ்வளவு மிச்சம், எது பத்தலன்னு ஒரு பேப்பர்ல எழுதி அட்வைசர் ஃபைல்ல சொருகிடுங்க, தூங்கி எழுந்தா மறந்துடும். தீவனக் கடை, பேங்க், மாட்டு டாக்டர்னு காசு குடுத்தவங்களுக்கு நன்றிக் கடிதம் அந்த வாரமே போகணும், பசங்க கையெழுத்துல. மிஞ்சுன சாமந்தித் தொட்டி ஒண்ண அதோட சேர்த்து குடுத்து விடுங்க.