பழைய ரஷ்ய ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடிப்பது எப்படி

மேற்கோள் பட்டியலில் சோவியத் கட்டுரை ஒன்று இருந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 'ஷெட்ஃப்' எனச் சுருக்கப்படும் ரஷ்ய இயற்பியல் இதழை, அமெரிக்க இயற்பியல் கழகம் 1955 முதல் 'சோவியத் பிசிக்ஸ் ஜெட்ப்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதற்கு முந்தையவை அதில் கிடைக்காது. மீக்கடத்துத்திறன் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது) பற்றி சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் லண்டாவும் 1950இல் எழுதிய கட்டுரைக்கு, லண்டாவின் கட்டுரைத் தொகுப்பைத்தான் புரட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது எண்களில். சோவியத் இயற்பியலாளர் அப்ரிகோசோவின் 1957 கட்டுரை ரஷ்ய இதழில் தொகுதி 32, பக்கம் 1442. ஆங்கிலத்தில் தொகுதி 5, பக்கம் 1174. ரஷ்ய எண்களை வைத்து ஆங்கில இதழில் தேடினால் வேறெதுவோ வந்து நிற்கும். எனவே இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணிதம் என்றால் ஸ்டெக்லோவ் நிறுவனத்தின் மேத்-நெட் தளம். பழைய இதழ்கள் பல அங்கே இலவசம். பெயரை ரஷ்ய எழுத்திலேயே தேடுங்கள். ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷெவ் ஒருவருக்கே ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்.

மொழிபெயர்ப்பே இல்லையா? சமன்பாடுகளை நேராகவே படிக்கலாம். குறியீடுகளில் மட்டும் கவனம்: 'டிஜி' (tg) என்றால் டேன்ஜென்ட், 'ரோட்' (rot) என்றால் கர்ல், 'எஸ்ஹெச்' (sh) என்றால் ஹைபர்பாலிக் சைன். மேற்கோள்களில் ஆங்கில 'சி' (C) போலத் தெரிவது ரஷ்ய எழுத்தான 'ஸ்', அதாவது பக்கம். 'டி' (T) என்பது தொகுதி.