துரத்தல் காட்சியில் கேமரா ஏன் அசைய வேண்டும்: கைப்பேசியில் ஒரு பயிற்சி

பால் கிரீன்கிராஸ் இயக்கிய ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ (2007) படத்தில், லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையக் கூட்டத்தின் நடுவே ஒரு பத்திரிகையாளரைக் கதாநாயகன் தொலைபேசிப் பேச்சாலேயே வழிநடத்தும் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஆலிவர் வுட்டின் கேமரா ஓயாமல் அசைந்தாலும், யாரைப் பார்ப்பது என்ற குழப்பம் நமக்கு வருவதில்லை. அந்த அசைவை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பழகிப் பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன்.

ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி பதியும் நேரத்தை, நம் கட்டுப்பாட்டில் தருவதால் பிளாக்மேஜிக் கேமரா செயலியையே நான் பரிந்துரைப்பேன். வினாடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் வெட்டுவெட்டாகத் தெரிய வேண்டுமானால் 1/200. பிறகு கைப்பேசியின் இரண்டு மடங்கு (2x) லென்ஸுக்கு மாறிப் பதினைந்து அடி தள்ளி, யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று எடுங்கள். ஒளிந்திருந்து வேவு பார்க்கும் உணர்வு அப்போதுதான் வரும்.

நான் மூன்று மாலைகளை இழந்தது அடுத்த படியில்தான். எடுத்த காட்சிகளெல்லாம் தண்ணீரில் மிதப்பதுபோல் நெளிந்தன. அதிர்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதி, நான் வேண்டிய அசைவையே அழிக்க முயன்றுகொண்டிருந்தது. அதை அணைத்த பின்பும் காட்சி பொய்யாகவே இருந்ததற்குக் காரணம், நான் கையை வேண்டுமென்றே ஆட்டியதுதான். அதனால், எந்தப் பக்கம் ஓடப்போகிறாள் என்பதை என்னிடம் சொல்லாமலே ஓடும்படி தங்கையிடம் கேட்டுக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியருகே அவள் சட்டென்று திரும்ப, கேமரா அவளைத் தாண்டிச் சென்று மீண்டபோது, தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்த அவள் விரல்கள் மட்டுமே ஃபிரேமில் இருந்தன. நான் எடுத்தவற்றுள் சிறந்த ஷாட் அதுவே. தேடுகிற கேமராவின் அசைவை நம்ப முடிகிறது. ஆட்டப்படுகிற கேமரா கண்ணை உறுத்துகிறது.

படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். ஒரு ஷாட் முடியும்போது முகம் திரையில் எங்கே இருக்கிறதோ, அங்கே விரலை வைத்துக்கொண்டு, அடுத்த ஷாட்டில் பார்க்க வேண்டியதும் அந்த விரலுக்கு அருகிலேயே வரும்படி வெட்டுங்கள். மேற்சொன்ன படத்தின் தொகுப்புக்காக கிறிஸ்டோபர் ரௌஸ் ஆஸ்கர் பெற்றார்.

பிற்சேர்க்கை: 1/200 வைத்து வீட்டுக்குள் எடுத்தபோது கறுப்புப் பட்டைகள் ஓடுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்கின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. 1/200 அந்த ஏற்ற இறக்கத்தில் பாதியை மட்டுமே பிடிப்பதால் பட்டைகள் விழுகின்றன. அவ்விடங்களில் 1/50 அல்லது 1/100 மட்டும் வையுங்கள்.